ஹெப்பிளை அவர்கள் விடவில்லை

ஊர்காவற்றுறை,
14.01.2024

அன்பு மாமாவுக்கு,

நீங்கள் நத்தார் மடலோடு அனுப்பிய படத்தில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு கோட்டு. பதினொரு பேர் கோடு போட்ட ஜேர்சியோடு கைகட்டி நிற்கிறார்கள், இருக்கிறார்கள். பின்வரிசையின் கடைசியில் ஒருவர் மட்டும் கழுத்துவரை தெறி பூட்டிய கறுப்புக் கோட்டோடு நிற்கிறார். பக்கத்தில் நிற்பவருக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் வெறுமையாக இருக்கிறது. நானும் படம் எடுக்கும்போது அப்படித்தான் நிற்பேன். அவர் யார் மாமா?

நானும் அம்மாவும் சுகம். உங்கள் நெஞ்சு நோவு இப்போது எப்படி? அங்கே பனி கொட்டுகிறதாக ரேடியோவில் சொன்னார்கள்.

இதைப் போனில் கேட்கலாமே என்று நினைப்பீர்கள். எனக்குப் போனில் கதை வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதோடு போன் அம்மாவின் மடியிலேயே இருக்கிறது. யார் எடுத்தாலும் இரண்டு நிமிடத்தில், "வையுங்கோ, வையுங்கோ, அவன் எடுக்கேக்க லைன் கிடைக்காது" என்று சொல்லி வைத்துவிடுவார். அண்ணாவின் படகு வெறுமையாக நெடுந்தீவுக்கு அங்கால் மிதந்து பதினான்கு மாதம் ஆகிறது.

படத்தை அம்மா அண்ணாவின் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். "பந்து விளையாட்டுப் படம், வந்தால் பார்ப்பான்" என்றார். நான் இடைக்கிடை எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறேன்.

உங்களுக்குச் செபிக்கும் மருமகள்,
சுகந்தி

11.02.2024

அன்பு மருமகள் மேரிசுகந்திக்கு,

உன் கடிதம் இருபத்திரண்டு நாளில் வந்தது. எனக்கு வருகிற கடிதங்கள் எல்லாம் கரண்டுக்காரனும் தண்ணிக்காரனும் போடுகிறவை. உன் கையெழுத்தைக் கண்டதும் கதவடியிலேயே நின்று வாசித்தேன். நான் சுகம். நெஞ்சுக்குக் குளிசை எடுக்கிறேன்.

நான் சனிக்கிழமைகளில் இந்த வெள்ளைக்கார ஊர் உதைபந்தாட்டக் கழகத்தில் உடுப்புத் தோய்க்கப் போகிறேன் என்று முன்பு சொல்லியிருக்கிறேன். கார்த்திகையில் படிக்கட்டுக்குக் கீழே இருந்த அறையைத் துப்புரவாக்கினார்கள். பழைய கடதாசிப் பெட்டி ஒன்றைத் தந்து, எறியச் சொன்னார்கள். எறிய மனம் வரவில்லை. உனக்கு அனுப்பிய படம் அதற்குள் இருந்ததன் பிரதிதான்.

நானும் அந்தப் படத்தை எத்தனையோ தரம் பார்த்தவன். அந்தக் கோட்டு என் கண்ணில் படவில்லை. நீ கேட்ட பிறகு பின்பக்கத்தைப் பார்த்தேன். பதினொரு பெயரும் வரிசையாக இருக்கிறது. கடைசியில் வேறு மையில், 'அத்தோடு வால்ற்றர் ஹெப்பிள்' என்று இருக்கிறது.

பெட்டியில் தேடினேன். 1904இல் பிறந்தவர். பதினாலு வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனவர். இருபதாவது வயதில் கழகம் எடுத்தது. இடக்கரையில் ஓடுகிறவர். மூன்றாம் பிரிவில், நாலு பருவத்தில், தொண்ணூற்றேழு ஆட்டம், இருபத்தொரு கோல். ஒரு பேப்பர்த் துண்டு, 'ஹெப்பிள் எல்லைக் கோட்டில் ஓடும்போது சுண்ணாம்புகூடக் கலையாது' என்று சொல்கிறது. மழையில் பந்து தண்ணி குடித்துக் கல்லாகிவிடும் காலம் அது. அப்படியான பந்தைத் தலையால் அடித்துவிட்டு, திங்கட்கிழமை சுரங்கத்து நண்பர்களைப் பார்க்கப் போவாராம்.

1928க்குப் பிறகு ஆட்டக் கணக்கில் அவருடைய பெயரைக் காணவில்லை. படமோ 1929. அது ஏன் என்று பார்க்கிறேன்.

அக்காவை வெயிலில் நிற்க விடாதே.

மாமா
வின்சன்ற்

ஊர்காவற்றுறை,
03.03.2024

அன்பு மாமா,

நாங்கள் நல்ல சுகம். நீங்களும் அப்படியே இருக்க அந்தோனியாரை வேண்டுகிறேன். தவக்காலம் என்பதால் வெள்ளி தோறும் சிலுவைப்பாதைக்குப் போகிறோம்.

அண்ணாவும் இடக்கரையில் ஓடுகிறவன்தானே. சுண்ணாம்பு கலையாத கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "டிலோன் ஓடினால் சுண்ணாம்பு முழுக்க அவன்ர சப்பாத்திலதான்" என்று சிரித்தார். அம்மா சிரித்ததைப் பார்த்து நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

போன ஞாயிறு அண்ணாவின் கழகத்துச் செயலாளர் கிறிஸ்தோப்பர் அண்ணை வந்தார். அம்மா முற்றத்தில் நண்டு வலை தட்டிக்கொண்டிருந்தார். அண்ணை கதிரையில் இருக்காமல் நின்றபடியே கதைத்தார்.

"அக்கா, வைகாசியில சுற்றுப்போட்டி ஒண்டு வைப்பம் எண்டு யோசிக்கிறம்."

"வையுங்கோ. அவன் வந்தால் விளையாடுவான்."

"இல்லையக்கா... டிலோன்ர பேரில. டிலோன் ஞாபகார்த்தக் கிண்ணம் எண்டு."

அம்மா வலையைக் கீழே போடவில்லை. ஒரு நண்டின் காலைக் கழற்றிக்கொண்டே, "உங்களுக்குக் கோல் அடிக்க ஏலாமல் போச்செண்டு என்ர பிள்ளையைச் சாக்காட்டப் போறியளோ?" என்று கேட்டார்.

"ஐயோ அக்கா, கப்புக்கு ஒரு பேர் வைக்கத்தானே கேட்டனான்."

"பேர்தானே வேணும்? உன்ர கொப்பற்ற பேரை வை. அந்தாள் செத்து இருபது வருசம். பந்தைக் கண்டால் கத்தியோட வாற மனுசன். அவருக்கு வை ஞாபகார்த்தம்."

கிறிஸ்தோப்பர் அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கண் கலங்கிவிட்டது. "சுகந்தி, நீராவது சொல்லுமன்" என்று என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன். அங்கே நின்றாலும் கேட்டது. அம்மா சொன்னார்:

"படகில ரெண்டு பேர் போனவை. ரஜீபனை மூண்டாம் நாள் கடல் கொண்டுவந்து தந்தது. என்ர பிள்ளையைத் தரேல்லை. தரேல்லை எண்டால் அவன் கடலில இல்லை. இந்தியாவில பிடிச்சு வச்சிருக்கிறாங்கள். வின்சன்ற் ஆள் வச்சு விசாரிக்கிறான்."

நீங்கள் விசாரிப்பதைத்தான் அம்மா மலைபோல நம்பியிருக்கிறார். ஏதும் தெரிந்ததா மாமா?

ஹெப்பிள் ஏன் கோட்டோடு நின்றார் என்பதையும் எழுதுங்கள். சிஸ்ரர் மாக்கிறேற் யாழ்ப்பாணத்தில் தாதி உதவியாளர் பயிற்சி ஒன்று இருக்கிறது என்றார். பத்து மாதம், கன்னியர் மடத்தில் தங்கலாம். பத்தாம் வகுப்போடு நின்றவர்களையும் எடுப்பார்களாம். போக விருப்பம். அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.

அன்புடன்
சுகந்தி

07.04.2024

அன்பு மருமகளுக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்து உனக்கும் அக்காவுக்கும். பிந்தித்தான் வந்து சேரும். என் உடம்புக்குக் குறையில்லை.

கோட்டின் கதை இதுதான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வைகாசியிலும் கழகங்கள் இரண்டு பட்டியல் போடும். ஒன்று விடுகிறவர்களுக்கு. மற்றது வைத்திருக்கிறவர்களுக்கு. வைத்திருக்கும் பட்டியலில் ஒருவரின் பெயர் ஏறிவிட்டால், லீக்கில் உள்ள வேறு எந்தக் கழகமும் அவரைத் தொட ஏலாது. அவர் விளையாடாவிட்டாலும் அப்படித்தான். சம்பளமே கொடுக்காவிட்டாலும் அப்படித்தான்.

1928இல் கழகம் எல்லாருடைய சம்பளத்தையும் குறைத்தது. ஹெப்பிள் ஒப்பம் வைக்க மறுத்தார். அவர்கள் அவரை விளையாட்டில் இறக்கவில்லை. பட்டியலிலிருந்து விடவுமில்லை. அடுத்த வருடமும் அதே. சுரங்கத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். 1929 ஆவணியில், தன்னை விடச் சொல்லிக் கேட்கக் கழகத்துக்கு வந்த அன்று இந்தப் படம் எடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கூட்டக் குறிப்பில் அதே திகதியில் ஒரு வரி இருக்கிறது: 'ஹெப்பிள் நேரில் வந்தார். முடிவில் மாற்றமில்லை.' படக்காரன் அவரையும் நிற்கச் சொல்லியிருப்பான். அவரும் நின்றிருப்பார்.

அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. ஓடுகிற வயது.

பயிற்சிக்குப் போ. அக்காவிடம் கேள்.

மாமா

(நீ கேட்ட மற்றதுக்கு: விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.)

ஊர்காவற்றுறை,
25.04.2024

அன்பு மாமா,

உங்கள் வாழ்த்து உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த வெள்ளை ஞாயிறும் கழிந்து வந்தது. ஆனாலும் வந்தது. நாங்கள் சுகம்.

சிஸ்ரர் விண்ணப்பத்தோடு வீட்டுக்கே வந்தார். நான் கேட்கப் பயந்ததால் அவரே கேட்டார்.

அம்மா, "நான் கரைக்குப் போற நேரம் அவன் வந்து கதவைத் தட்டினால் ஆர் திறக்கிறது?" என்றார்.

"கத்தரீனா, பிள்ளைக்குப் பதினெட்டு ஆகப்போகுது."

"அவனுக்கு இருபத்தஞ்சு. முதல்ல அவன் வரட்டும். அவன் வந்த அடுத்த நாள் நானே இவளைப் பஸ்ஸில ஏத்திவிடுவன். மாதா மேல சத்தியம்."

"வராட்டில்?"

சிஸ்ரர் அதைக் கேட்டிருக்கக் கூடாது. அம்மா எழும்பிப் போய் வாளியில் தண்ணீர் அள்ளி, ஏற்கெனவே கழுவிய முற்றத்தைத் திரும்பக் கழுவினார். சிஸ்ரரின் காலடி வரை தண்ணீர் வந்தது. விண்ணப்பம் மாதா சுருவத்துக்குக் கீழே இருக்கிறது. வைகாசி முப்பத்தொன்று கடைசி நாள்.

அம்மாவில் பிழை இல்லை மாமா. பள்ளிக்கூடத்தை விட்டது நானாகத்தான். அம்மாவைத் தனியே விட ஏலாமல் விட்டேன். அப்போது ஒரு மாதத்துக்கு என்று நினைத்தேன்.

ஹெப்பிளைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கு அவர் தேவையில்லை என்றால் ஏன் விடவில்லை? வேறு ஒரு கழகமும் அவரை வேண்டும் என்று கேட்கவில்லையா? தொண்ணூற்றேழு ஆட்டம் ஆடியவரை யாராவது பார்த்திருப்பார்கள் அல்லவா? அந்தப் பெட்டியில் கட்டாயம் இருக்கும். தேடிப் பாருங்கள்.

அன்பு மருமகள்
சுகந்தி

ஊர்காவற்றுறை,
16.06.2024

அன்பு மாமா,

உங்கள் பதில் வரவில்லை. தபால்காரரிடம் மூன்று தரம் கேட்டுவிட்டேன். அவர் என்னைக் கண்டதும் தூரத்திலேயே கையை விரிக்கிறார். உங்களுக்கு நெஞ்சு நோவு கூடிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. அம்மாவோடு போனில் கதைத்தீர்கள் என்றார். "வின்சன்ற் சுகமாத்தான் கதைச்சவன். குரல்தான் அடைச்சுக் கிடக்குது" என்றார். நீங்கள் ஒரு செய்தியும் இல்லை என்றீர்களாம், ஒரு செய்தியும் இல்லை என்றால் நல்ல செய்திதானே என்றும் அம்மா சொன்னார்.

விண்ணப்பத் திகதி முடிந்துவிட்டது. அடுத்த பிரிவு தை மாதமாம். சுருவத்துக்குக் கீழே இருந்த கடதாசியை எடுத்து மடித்து என் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். அம்மா கண்டார்.

சுற்றுப்போட்டி நடக்கவில்லை. கழகத்தில் அண்ணாவின் பதினொராம் இலக்கத்தை இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. இடக்கரையில் ஓடுகிறவர் இருபத்தொன்றோடு ஓடுகிறார்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

சுகந்தி

20.07.2024

அன்பு மருமகளுக்கு,

பிந்தியதற்குக் குறை நினைக்காதே. நான் சுகம்.

நீ தேடச் சொன்னதைத் தேடினேன். வைகாசி முடிவிலேயே கண்டுபிடித்துவிட்டேன். எழுதத்தான் இவ்வளவு நாள்.

1926 மார்கழியில் முதலாம் பிரிவுக் கழகம் ஒன்று இந்தக் கழகத்துச் செயலாளருக்கு எழுதியிருக்கிறது. 'உங்கள் ஹெப்பிளை இரண்டு தரம் வந்து பார்த்தோம். எங்களுக்கு வேண்டும். அவருடைய விருப்பத்தை அறிந்து எழுதுங்கள்.' முதலாம் பிரிவு என்றால், பிள்ளை, நம்முடைய ஊர்ப் பையன் தேசிய அணிக்குப் போகிற மாதிரி.

அதோடு செயலாளர் எழுதிய பதிலின் கரித்தாள் பிரதியும் குத்தியிருக்கிறது. மூன்று வரி. 'ஹெப்பிளிடம் பேசினோம். அவர் இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறார். போக விரும்பவில்லை.'

அவர்கள் அவரிடம் பேசவேயில்லை. எப்படித் தெரியும் என்றால், கடிதத்தின் மூலையில் செயலாளர் தன் கையால், 'ஆட்டக்காரருக்குச் சொல்ல வேண்டாம்' என்று எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் அது குற்றமுமில்லை. எல்லாக் கழகங்களும் அப்படித்தான் செய்தன.

1930இல் விட்டார்கள். அதற்கு முன்பே சுரங்கத்தில் ஒரு வண்டி முழங்காலை நெரித்துவிட்டது. தெற்கே ஒரு கழகத்துக்கு ஆறு ஆட்டம் ஆடினார். கோல் இல்லை. 1932க்குப் பிறகு பந்தில்லை. பஸ் டிப்போவில் பஸ் கழுவினார். இந்த மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில்தான் இருந்திருக்கிறார். சனிக்கிழமைகளில் ஆரவாரம் கேட்டிருக்கும். கடைசிவரை அவருக்கு அந்தக் கடிதத்தைப் பற்றித் தெரியாது.

செயலாளரைக் கெட்டவர் என்று நினைக்காதே. அவர் இருபத்தெட்டு வருடம் சம்பளமில்லாமல் கழகத்தைப் பார்த்தவர். சொன்னால் அணி உடைந்துவிடும் என்று பயந்திருப்பார். இன்றைக்கு வேண்டாம், இந்தப் பருவம் முடியட்டும் என்று நினைத்திருப்பார். பிறகு சொல்லுகிற நேரமே

ஊர்காவற்றுறை,
18.08.2024

அன்பு மாமா,

உங்கள் கடிதம் பாதியில் நிற்கிறது. கையெழுத்தும் இல்லை. அம்மாவைச் சுகம் கேட்டதாகவும் இல்லை. முதலில் ஒரு தாள் விழுந்துவிட்டதோ என்று உறையைக் கிழித்துப் பார்த்தேன்.

எனக்கு அந்தச் செயலாளரில் கோபம். நீங்கள் அவருக்காகக் கதைத்தாலும் கோபம்தான். அவர் அந்தக் கடிதத்தைக் காட்டியிருந்தால் ஹெப்பிள் போயிருக்கலாம், போகாமலும் விட்டிருக்கலாம். போய்த் தோற்றுத் திரும்பி வந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் அவருடையது. 'அவர் இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறார்' என்று எழுத இவர் யார்? பயந்தார் என்கிறீர்கள். நானும்தான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். அதற்காக இன்னொருவரின் கடிதத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் வைக்கலாமா?

மாமா, இப்போது எழுதப்போவதை என்னால் வாயால் கேட்கவே ஏலாது. கடதாசி என்பதால் கேட்கிறேன். அண்ணாவைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

தெரியாது என்றால் தெரியாது என்று எழுதுங்கள். நம்புவேன். தெரியும் என்றால் எனக்கு எழுதுங்கள். உங்கள் கடிதங்களை அம்மா பந்துக் கதை என்று பிரிப்பதில்லை.

போன கிழமை இந்தியாவிலிருந்து விடுதலையான மீனவர்களை வானூர்தியில் கொண்டுவந்ததாகப் பேப்பரில் இருந்தது. அம்மா பெயர்களை எழுத்துக் கூட்டி ஒன்றொன்றாக வாசித்தார். பதினெட்டுப் பெயர். வாசித்து முடித்துத் திரும்பவும் முதல் பெயரிலிருந்து தொடங்கினார்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுகந்தி

29.09.2024

மகள் சுகந்தி,

தெரியும்.

இந்தியாவில் மண்டபம் முகாமில் நான் இருந்த காலத்துச் சிநேகிதன் சசிகரன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவனைத்தான் விசாரிக்கச் சொல்லியிருந்தேன். போன வருடம் மாசி மாதம் அவன் ஒரு கடதாசி அனுப்பினான். அக்கரையில் ஒரு மீனவக் கிராமத்தில், அதற்கு முந்திய கார்த்திகை முப்பதாம் திகதி, ஒரு உடல் ஒதுங்கியது. ஆள் யார் என்று தெரியாமல் ஊரார் எடுத்து அடக்கியிருக்கிறார்கள். அடக்குமுன் எழுதிவைத்த குறிப்பின் பிரதி இதோடு இருக்கிறது. நீலச் சேட்டு, முதுகில் பதினொன்று. கழுத்தில் உத்தரியம். இடது கெண்டைக்காலில் ஏழு தையல் போட்ட பழைய காயம். அந்தக் காயம் எந்தப் போட்டியில் பட்டது என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு படமும் இருக்கிறது. அதை நான் அனுப்பவில்லை. கேட்டால் அனுப்புவேன்.

கடதாசி வந்த அன்றே அக்காவுக்குப் போன் எடுத்தேன். நான் வாய் திறக்குமுன் அக்கா, "வின்சன்ற், அவன் வந்தால் முதல் போன் உனக்குத்தான் எடுப்பன்" என்றார். "ஓம் அக்கா" என்றேன். அந்த ஓம் என்ற சொல்லோடு எல்லாம் முடிந்தது. அடுத்த கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு ஆண்டுத் திவசம் கழியட்டும் என்று நினைத்தேன். எந்தத் திவசம்? அக்கா திவசமே வைக்கவில்லையே. பிறகு அக்கா கேட்கும்போதெல்லாம், "ஒரு செய்தியும் இல்லை" என்று சொல்லச் சொல்ல அது எனக்கே பழகிவிட்டது. கடவுச்சீட்டுக்குள் வைத்த கடதாசியை ஒன்றரை வருடமாகத் திறக்கவில்லை.

நீ பள்ளிக்கூடம் விட்டதும் பயிற்சிக்குப் போக முடியாமல் போனதும் என்னால்தான். அக்கா உன்னை மறிக்கவில்லை. நான் மறித்தேன். நீ செயலாளரைப் பேசியதெல்லாம் உரிய ஆளுக்குத்தான் வந்து சேர்ந்தது.

அக்காவுக்கு நானே சொல்லவேண்டும். நீ ஒரு நாளைச் சொல்லு. அன்று எடுக்கிறேன். இதை உன் தலையில் வைப்பது பிழை என்று தெரியும். ஆனாலும் கேட்டவள் நீ. கேட்டவளுக்குச் சொல்லாமல் விட இனி எனக்கு ஏலாது.

என்னை மன்னி என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

வின்சன்ற்

ஊர்காவற்றுறை,
27.10.2024

அன்பு மாமாவுக்கு, சுகந்தி.

இங்கே மழை தொடங்கிவிட்டது. நான் சுகம். அம்மா சாப்பிடுகிறார், கொஞ்சமாக. நீங்கள் குளிசையை விடாமல் எடுங்கள். இந்தக் கடிதத்தை இருந்து வாசியுங்கள்.

உங்கள் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கோவிலுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். அண்ணா அங்கே ஒரு ஊரில் ஏறக்குறைய இரண்டு வருடமாக மண்ணுக்குள் இருக்கிறான். நாங்கள் இங்கே ஒவ்வொரு நாளும் அவனுக்கும் சேர்த்துப் போனை மின்னேற்றிக்கொண்டிருந்தோம்.

மூன்று நாள் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. செவ்வாய் அம்மா களைத்திருந்தார். புதன் அவர் நல்ல சந்தோசமாக இருந்தார். வியாழன் மழை. மூன்று நாள் நானும் அந்தச் செயலாளராக இருந்தேன் மாமா. அது எவ்வளவு சுகமான வேலை என்று தெரிந்துகொண்டேன். அதனால்தான் நாள் சொல்லி உங்களை எடுக்கச் சொல்லாமல், வெள்ளி காலை நானே கொடுத்தேன். உங்கள் கடிதத்தையும் அந்தக் குறிப்பையும்.

அம்மா உங்கள் கடிதத்தை ஒதுக்கிவிட்டுக் குறிப்பை முதலில் வாசித்தார்.

"நீலம் எண்டு போட்டிருக்கு."

"ஓமம்மா."

"நீலச் சேட்டு எத்தினை பேர் போடுவினம்."

"ஓமம்மா."

"தையல் ஏழெண்டு கிடக்கு. எட்டு எண்டு எழுதியிருக்கலாமே, பிள்ளை. எண்ணினவன் பிழையா எண்ணியிருக்கலாமே."

பிறகு, "மண் போடேக்க ஆரும் செபம் சொன்னவையாமோ?" என்று கேட்டார். "தெரியாது" என்றேன். அதற்குத்தான் அம்மா அழுதார். அதுவரை அழவில்லை.

உங்கள் கடிதத்தைப் பிறகு வாசித்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று வாசித்தார். "அவனுக்குத் தெரியும். நான் ஒவ்வொரு முறையும் கேட்கேக்க அவனுக்குத் தெரியும்" என்று சொன்னார். வேறு ஒன்றும் உங்களைப் பற்றிச் சொல்லவில்லை. இப்போது எடுக்க வேண்டாம். எடுத்தாலும் கதைக்கமாட்டார். எப்போது என்று நான் எழுதுகிறேன். எனக்கும் உங்களில் கோபம் இருக்கிறது. இருந்தாலும் கேட்டதற்கு நீங்கள் சொன்னீர்கள். அந்தப் படத்தை அனுப்புங்கள். அம்மா கேட்டார்.

போன ஞாயிறு பின்னேரம், "தை மாதம் பதியிற நாள் எப்ப?" என்று அம்மா கேட்டார். சொன்னேன். "போறதெண்டால் போ. எல்லாரும் போங்கோ. நான் இங்கதான் இருப்பன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அதைச் சம்மதம் என்று எடுக்கவா, சாபம் என்று எடுக்கவா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சனி சகல ஆன்மாக்கள் திருநாள். அன்று பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். பங்குப் பதிவேட்டில் இருக்கிற பெயரைத்தான் வாசிப்பார்கள். அம்மா வரமாட்டேன் என்றார். போகாதே என்றும் சொல்லவில்லை. ஒருவரோடும் முகம் பார்த்துக் கதைத்துப் பழக்கமில்லாத நான் நேற்றுத் தனியே பங்குமனைக்குப் போனேன். வாசலில் இரண்டு தரம் திரும்பினேன். சுவாமி மேசைக்குப் பின்னால் இருந்து, "என்ன பிள்ளை?" என்றார். அண்ணாவின் முழுப் பெயரைச் சொன்னேன். சத்தம் காணாது என்று திரும்பவும் கேட்டார். பெலத்துச் சொன்னேன்.

அவர் எழும்பினார். பிறகு அலுமாரியைத் திறந்து மரணப் பதிவேட்டை எடுத்து, தாளைத் தட்டி, திகதி கேட்டார்.

சொன்னேன்.